காட்டைக் காத்தது பாதுகாப்பு அறிவிப்பா, வெறும் தொலைவா?

[திரையில்: செயற்கைக்கோள் படம்]

வணக்கம். இந்தப் படத்தில் எல்லைக்கோட்டுக்கு உள்ளே அடர்ந்த வெப்பமண்டலக் காடும், வெளியே மேய்ச்சல் நிலமும் தெரிகின்றன. தேசியப் பூங்காவாக அறிவித்ததால்தான் உள்ளே காடு தப்பியது என்று நீங்கள் முடிவு செய்தால், அதில் பாதிகூட உண்மையாக இல்லாமல் போகலாம்.

பின்னணி இவ்வளவுதான்: 2030ஆம் ஆண்டுக்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாக்க உலக நாடுகள் 2022இல் மாண்ட்ரியலில் உடன்பட்டன.

அந்த 30 சதவீதம் எங்கே அமையப்போகிறது என்பதே என் கவலை. லூகாஸ் ஜோப்பா, அலெக்சாண்டர் ஃபாஃப் ஆகிய இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரும்பாலான நாடுகளில் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் உயரமான, செங்குத்தான, சாலைக்கும் நகரத்துக்கும் எட்டாத, வேளாண்மைக்கு ஏற்காத நிலங்களிலேயே அதிகம் அமைந்துள்ளன. அத்தகைய மலைச்சரிவில் தடை இல்லாவிட்டாலும் கோடரி எளிதில் விழுந்திருக்காது. நன்றாகப் படிக்கும் மாணவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டு தேர்ச்சி விகிதத்தைப் பறைசாற்றும் பள்ளியைப் போன்றது இது.

[திரையில்: இரண்டு நிலத்துண்டுகள்]

இந்தச் சிக்கலை ஆய்வாளர்கள் தீர்த்த விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. உள்ளே இருக்கும் ஒரு நிலத்துண்டுக்கு, மண்வளம், சரிவு, சாலையிலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றில் ஏறக்குறைய ஒத்திருக்கும் ஓர் இணையை வெளியே தேடிக் கண்டுபிடித்து, அந்த இரண்டையும் மட்டுமே ஒப்பிடுகிறார்கள். கோஸ்டா ரிகாவில் இவ்வாறு கணக்கிட்டு 2008இல் வெளிவந்த ஆய்வு, பாதுகாப்பு இல்லாதிருந்தால் காக்கப்பட்ட காட்டில் சுமார் 10 சதவீதம் அழிந்திருக்கும் என்றது. வழக்கமான ஒப்பீடுகளோ இந்தப் பயனை 65 சதவீதத்துக்கும் மேல் மிகைப்படுத்தியிருந்தன. அந்த 10 சதவீதத்தை அற்பமென்று தள்ளிவிடாதீர்கள். அறிவிப்பு இல்லையென்றால் இன்று நிற்காத காடு அது.

ஆனால் வெட்டுவோர் எட்டும் இடத்தில் அறிவிப்பு மட்டும் போதாது. இந்தோனேசியாவின் காலிமந்தானில், 1985 முதல் 2001 வரை, சட்டப்படி காக்கப்பட்ட தாழ்நிலக் காடுகளிலேயே 56 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது.

மாறாக, பிரேசிலின் அமேசானில் காடழிப்பு நெருக்கடி கடுமையாக இருந்த இடங்களில் பழங்குடியினரின் நிலங்கள் அதைத் தடுப்பதில் குறிப்பாகச் சிறந்து விளங்கியதை 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. காட்டை நம்பி அதிலேயே வாழ்வோரை வெளியேற்றிவிட்டுக் காப்பகம் அமைக்கும் திட்டங்களை நான் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் நாட்டில் அடுத்த காப்பகம் அறிவிக்கப்படும்போது, அதன் பரப்பளவோடு நின்றுவிடாமல், அருகிலுள்ள சாலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அங்கே ஏற்கெனவே யார் வாழ்கிறார்கள் என்பதையும் வரைபடத்தில் பார்த்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.