எக்ஸ்ரேயில் தெரியாத நார்

(மதுரை தல்லாகுளத்தில் பல் மருத்துவ மாணவர்களும் பொதுமக்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

சோழவந்தான் வெற்றிலையோடு புகையிலையையும் சேர்த்து அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. பல் ஆடுகிறது என்று வருகிறவர்களிடம் எக்ஸ்ரேயைக் காட்டி, "எலும்பு கரைந்திருக்கிறதம்மா" என்கிறோம். "திரும்ப வளருமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள்.

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல எக்ஸ்ரே போதாது. பல், சுவரில் அறைந்த ஆணியைப்போல எலும்பில் நிற்பதில்லை. வேரின்மேல் சிமெண்டம் என்ற மெல்லிய படலம். அதற்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு நார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நிரம்பியதாகத் தெரியலாம். நார் இருபுறமும் பற்றியதா, ஈறின் மேல்தோல் வேரோரம் இறங்கி இடத்தைப் பிடித்துக்கொண்டதா என்பது தெரியாது. பல்லை எலும்போடு வெட்டியெடுத்து, சீவி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நன்றாக மென்று சாப்பிடுகிற மனிதரிடம் அதைக் கேட்க முடியுமா? ஆகவேதான் விலங்குகளில் சோதித்துப் பார்க்கிறோம்.

காயத்தில் எந்தச் செல் முந்திக் குடியேறுகிறதோ, அதுவே ஆறும் விதத்தை முடிவு செய்யும் என்றார் பல் ஆராய்ச்சியாளர் மெல்ச்சர், 1976-இல். 1982-இல் ஸ்வீடனின் நைமன் குழுவினர் குரங்குகளில் ஈறின் செல்களை வடிதாளால் தடுத்துப் பார்த்தார்கள். நார்ப்பகுதிச் செல்கள் மேலேறி, புதிய சிமெண்டமும் அதில் பதிந்த நார்களும் உருவாயின. அதே ஆண்டில் ஒரு நோயாளியின் பல்லிலும் அதைக் காட்டினார்கள்.

சுண்டெலியின் கடைவாய்ப்பல்லில் பட்டு நூல் கட்டினால் ஒரு வாரத்தில் எலும்பு கரைகிறது. அழற்சியைப் படிக்க அது போதும். எலும்பை வளர்க்கும் புதுப்பொருளை வைத்துச் சோதிக்க அந்த வாய் மிகச் சிறியது; அதற்கு பீகிள் நாய்.

கவனிக்க வேண்டியது இங்கேதான். இளம் நாயின் நல்ல எலும்பில் மூன்று பக்கமும் சுவருள்ள சிறு பள்ளம் தோண்டினால், எதுவும் வைக்காமலே பெரும்பாலும் நிரம்பிவிடும். அதில் எலும்புப் பொடியை வைத்து "வளர்ந்தது" என்றால் என்ன அர்த்தம்? அதனால்தான் கீழ்த்தாடைப் பற்களைச் சுற்றி 5, 6 மி.மீ. எலும்பை மட்டமாக அகற்றும் சோதனை முறை வந்தது. அது தானாக ஆறாது. அதில் எலும்பு வளரத் தூண்டும் பிஎம்பி-2 என்ற புரதம் எலும்பை நன்றாகவே வளர்த்தது. ஆனால் சில வேர்கள் நடுவில் நாரே இல்லாமல் எலும்போடு ஒட்டிப்போயின. எக்ஸ்ரேயை மட்டும் பார்த்தவர் வெற்றி என்றே எழுதியிருப்பார்.

அந்த நாய்க்குப் புகையிலைப் பழக்கம் இல்லை, பல வருடச் சர்க்கரையும் இல்லை. நம் நோயாளிக்கு இரண்டும் இருக்கலாம்.

மாணவர்களே, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு கடமை முடிந்துவிடாது. ஒப்பிட ஒரு வெறும் பள்ளம் இல்லாத ஆய்வு அந்த உயிரை வீணடிக்கிறது என்றே நான் சொல்வேன். இப்படிப்பட்ட புதுப்பொருளின் விற்பனைப் பிரதிநிதி வண்ணப்படத்தை நீட்டும்போது கேளுங்கள்: எந்த விலங்கு, என்ன வயது, எத்தனை சுவருள்ள பள்ளம், எத்தனை வாரம் கழித்துப் பார்த்தார்கள், நார் பற்றியதைக் காட்டும் நுண்ணோக்கிப் படம் எங்கே?