கலந்தது லாபமே, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "கன்ட்ரியும் ஜாஸும் கலந்தது கிட்டாருக்கு லாபமா, நஷ்டமா?" இதுதான் தலைப்பு. கன்ட்ரி என்பது அமெரிக்கக் கிராமப்புறத்து இசை; ஜாஸ் என்பது அங்கே கறுப்பின மக்களிடம் பிறந்த, வாசிக்கும்போதே கற்பனையை ஓடவிடும் இசை. எதிரணித் தலைவர், "ஜாஸின் கூர்மையும் போச்சு, கன்ட்ரியின் மண்வாசனையும் போச்சு" என்று அழாத குறையாகப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். 1976-ல் வந்த ஒரு எல்.பி. இசைத்தட்டைப் போட்டால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அமெரிக்க கிட்டார் கலைஞர்கள் செட் அட்கின்ஸும் லெஸ் பாலும் சேர்ந்து வாசித்த 'செஸ்டர் அண்ட் லெஸ்டர்'.

செட் கன்ட்ரிக்காரர், லெஸ் ஜாஸ்காரர் என்று பாகம் பிரித்தார்கள். சரி, அந்த லெஸ் பால் சிகாகோ ரேடியோவில் ரூபார்ப் ரெட் என்ற பெயரில் கன்ட்ரி வாசித்தாரே, அது எந்தக் கணக்கில் வரும்? ஒரே ஆள், இரண்டு பெயர், இரண்டு இசை. கலப்பு அப்போதே நடந்துவிட்டது ஐயா!

செட்டின் கையைப் பாருங்கள். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறித் தாளம் பிடிக்கும். மற்ற விரல்கள் மெட்டைப் பாடும். கன்ட்ரி கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் வாசித்ததை ரேடியோவில் கேட்டுப் பிடித்த பாணி இது. டிராவிஸ் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்தே சமாளித்தவர். பார்க்காத செட், இன்னும் விரல்கள் இருக்க வேண்டும் என்று நினைத்துக் கூடுதல் விரல்களைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கன்ட்ரி கைதான் இந்த ஆல்பத்தில் ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் குழுவின் 'கேரவன்' வாசிக்கிறது.

லெஸ் பாலோ, 1948-ல் தனி ஆளாக எட்டு கிட்டார் வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் இங்கே பெரும்பாலும் நேரடியாக, செட்டோடு சேர்ந்து வாசிக்கிறார். நடுநடுவே இருவரும் ஒருவரை ஒருவர் சீண்டும் பேச்சையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். நம் மேடையே தோற்றுவிடும்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அன்றைய ஜாஸ் போயிருந்த தூரத்துக்கு இந்த ஆல்பம் போகவில்லை. பாட்டெல்லாம் பழசு. ஆனால் கூர்மை போச்சு என்பது அபாண்டம். லெஸ் விடும் அந்த வேகமான ஸ்வரச் சரங்களைக் கேட்டவர் அப்படிச் சொல்லமாட்டார்.

மண்வாசனை? இந்த ஆல்பத்துக்குக் கிடைத்த கிராமி, கன்ட்ரி வாத்திய இசைக்கான விருது. வழக்கு இருந்தால் அங்கே போய்ப் போடுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அடுத்து வரும் எதிரணி நண்பர் 'கேரவனை'க் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் கன்ட்ரி முடிந்து ஜாஸ் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டட்டும்.