அமைதிக்கு மார்க் போடுவது யார்?

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கோயிலும் இல்லை, சாப்பாடும் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வேளூர் பக்கம் ஒரு வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருக்கிறேன். மைக்கில் காற்று இரையும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவுக்குக் கீழே ஒருவர், "நம்ம டெல்டா மாதிரி அமைதியான ஊர் உலகத்திலேயே கிடையாது" என்று எழுதியிருந்தார். படிக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எதை வைத்துச் சொல்கிறோம்? இதை அளப்பதற்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. உலக அமைதிக் குறியீடு என்று பெயர். சிட்னியில் உள்ள பொருளாதாரம் மற்றும் அமைதிக்கான நிறுவனம் 2007 முதல் வெளியிட்டு வருகிறது. 163 நாடுகள், 23 அளவுகோல்கள். மார்க் 1 முதல் 5 வரை. நம் பரீட்சைக்கு நேர் எதிர், குறைய வாங்கினால்தான் நல்ல பிள்ளை. ஐஸ்லாந்து 2008-லிருந்து முதலிடத்தை விடவே இல்லை. அந்த நாட்டுக்கு ராணுவமே கிடையாது. 2025 பட்டியலில் இந்தியா 115-வது.

கொலை, சிறைக் கைதிகள், ராணுவச் செலவு, ஆயுத இறக்குமதி, அண்டை நாட்டோடு உறவு, எல்லாம் கணக்கில் வரும். லட்சம் பேருக்கு எத்தனை போலீஸ் என்றும் பார்க்கிறார்கள். போலீஸ் கூடினால் மார்க் கெடும். எனக்குப் பிடித்த அளவுகோல் இதுதான். ஊர்த் தேரோட்டத்துக்கு வேன் வேனாகப் போலீஸ் வந்து இறங்கினால் "பாதுகாப்பு பலம்" என்று பெருமைப்படுகிறோம். அவ்வளவு பேர் வேண்டியிருக்கிறது என்றால் அங்கே ஏதோ புகைகிறது என்றுதானே அர்த்தம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கம்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேரை, பெரு நிலக்காரர்களான மிராசுதார்களின் ஆட்கள் உயிரோடு கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எல்லாமே தலித் கூலிக் குடும்பங்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்ததும்தான் அவர்கள் செய்தது.

இந்தக் குறியீட்டை அந்தக் காலத்து டெல்டா கிராமத்துக்குப் போட்டுப் பாருங்கள். 1968-ல் படு மோசமாக வரும். அதற்கு முப்பது வருடம் முன்னால்? மிராசுதாரிடம் கூலிக் குடும்பங்கள் அடிமைபோலக் கிடந்த பண்ணையாள் முறை. சவுக்கடி, தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால். அடி வாங்கியவர் புகார் கொடுக்க மாட்டார், கொடுத்தாலும் எழுதிக்கொள்ள ஆள் இருக்காது. ஏட்டில் வழக்கும் இல்லை, கலவரமும் இல்லை. பிரமாதமான மார்க் வந்திருக்கும்! சங்கம் வந்து, ஜனங்கள் வாயைத் திறந்த பிறகு மார்க் சரிந்திருக்கும். பயந்து கிடப்பதையும் நிம்மதியாக இருப்பதையும் ஒரே கட்டத்தில் எழுதும் கணக்கு எனக்குப் போதாது.

இதை நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நார்வேக்காரர், அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் 1960-களிலேயே பிரித்துச் சொல்லிவிட்டார். சண்டை இல்லாமல் இருப்பது எதிர்மறை அமைதி, நியாயமும் இருந்தால்தான் நேர்மறை அமைதி. யாரும் கை ஓங்காமலே, ஊரின் ஏற்பாடே ஒருவரை ஒடுக்குவதற்குக் 'கட்டமைப்பு வன்முறை' என்று 1969-ல் எழுதினார். அதே வருடம்தான் தஞ்சை ஜில்லாவுக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. வெண்மணிக்குப் பிறகு இங்கே வந்து வேலை செய்த காந்தியவாதிகள் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தம்பதி 1981-ல் லாப்டி (உழுபவருக்கு நிலம்) இயக்கத்தைத் தொடங்கி, மிராசுகளிடம் பேசி நிலம் வாங்கி, கூலிக்காரப் பெண்களின் பெயரிலேயே எழுதிவைத்தார்கள். அந்தப் பட்டாவை எந்த அளவுகோலில் சேர்ப்பது? நியாயமாகச் சொன்னால், அந்தச் சிட்னி நிறுவனமே நேர்மறை அமைதியைத் தனியாக அளக்கிறது. வளங்கள் நியாயமாகப் பங்கிடப்படுகிறதா என்பதும் அதில் உண்டு. ஆனால் அதுவும் நாட்டுக் கணக்கு. தெரு வரைக்கும் இறங்காது.

தெருவுக்கு இறங்கிய ஆட்களும் இருக்கிறார்கள். ரோஜர் மக்கின்டி, பமீனா ஃபிர்ச்சோ என்ற இரண்டு ஆய்வாளர்கள். ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் ஊர்க்காரர்களையே உட்காரவைத்து, 'உங்கள் ஊரில் அமைதி இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்ன?' என்று கேட்டார்கள். ராத்திரி நாய் குரைக்கிறதா என்பது மாதிரி அடையாளங்கள் வந்தன. குரைத்தால் யாரோ நடமாடுகிறார்கள். அதைவிடத் துல்லியமான கருவி எங்கே கிடைக்கும்?

நம் பக்கத்துக்கு நான் யோசித்தது: டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே டம்ளரா? சாவு எடுத்தால் எந்தத் தெரு வழியாகவும் போக முடிகிறதா, இல்லை வயலில் இறங்கித்தான் போகவேண்டுமா? முறைத் தண்ணீர் கடைமடைக்கு வரும் நாளில் ராத்திரி மண்வெட்டியோடு மடையில் காவல் நிற்கவேண்டியிருக்கிறதா? இரண்டாம் ஆட்டம் சினிமா விட்டுப் பெண்கள் தனியாக வீடு திரும்புகிறார்களா? கடைசிக் கேள்விக்கு எங்கள் ஊரில் பதில் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். "முதல் ஆட்டத்துக்கே அனுப்ப மாட்டாங்க" என்றார்.

காவிரியை விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். பெங்களூரில் 1991-லும் 2016-லும் எரிந்ததெல்லாம் நமக்குத் தெரியும். இன்றைக்கு எல்லையில் பிலிகுண்டுலுவில் தண்ணீரை அளக்கிறார்கள், கர்நாடகம் வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. விடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்ன கணக்கு இருக்கிறது, காவிரி ஆணையம் இருக்கிறது. சண்டை தீர்ந்துவிடவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவைப் பார்த்துச் சண்டை போடுவது பெரிய முன்னேற்றம் என்பேன்.

உங்கள் ஊர் அடையாளங்களைக் கமெண்ட்டில் எழுதுங்கள். சேர்த்துவைத்து ஒரு வீடியோ போடலாம். ஒரே நிபந்தனை: கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். "ஒற்றுமை", "பாசம்" என்றெல்லாம் எழுதினால் சேர்க்க மாட்டேன்.