மேலே நின்றால் எந்த மலை தெரியும்?

அவையோர்க்கு வணக்கம்.

பழைய நில அளவையாளர்கள் போன பாதையைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரைச் சொல்லித்தான் விசாரிப்பார்கள். “லாம்டன் துரை இந்தப் பக்கம் வந்தாராமே, கேள்விப்பட்டிருக்கீங்களா?” இல்லை என்று பதில் வரும். அதோடு அந்த ஊரைக் குறிப்பேட்டில் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஊருக்கு எல்லாம் தெரியும். கேட்டதுதான் சரியில்லை.

நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளக்க வந்த பிரிட்டிஷ் படை அதிகாரி வில்லியம் லாம்டன், 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரையிலான அடிக்கோட்டை, அதாவது மற்றத் தூரங்களைக் கணக்கிட அடிப்படையாகும் நேர்கோட்டை, அளக்கத் தொடங்கினார். தூரம் சுமார் ஏழரை மைல்; பிடித்த காலம் 57 நாள். அளந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக்கு ஒரு கண்ணியாக 40 கண்ணிகள். அதை நீண்ட மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, முக்காலிகள்மேல் ஏற்றி, வெயில் படாமல் மறைத்து, பக்கத்திலேயே வெப்பமானி வைத்தார்கள். காரணம் இருக்கிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அந்தச் சங்கிலி ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் நீளும். நானூறு தடவை எடுத்துப் போட்டால் 14 சென்டிமீட்டர் பிசகு. அடிக்கோட்டில் விழும் பிசகு அதன்மேல் கட்டும் ஒவ்வொரு முக்கோணத்திலும் ஏறும்.

அடிக்கோடு முடிந்தபின் பார்வைதான் வேலை செய்தது. ஒரு உச்சியில் கருவியை நிறுத்தி, அடுத்த இரண்டு உச்சிகளில் கொடி நட்டு, கோணம் எடுத்தார்கள். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். ஆகவே நாம் தேட வேண்டியது வண்டிப்பாதையை அல்ல. எந்த உச்சியிலிருந்து எந்த உச்சி தெரியும் என்பதை. இது ஆடு மேய்க்கிறவர்களுக்குத் தெரியும், விறகுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், கார்த்திகை தீபத்துக்கு எண்ணெய் சுமந்து மேலே போகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “மேலே நின்னா எந்தெந்த மலை தெரியும்?” கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். காந்த ஊசி வைத்துத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். தூரம் கேட்காதீர்கள், காதம் ஊருக்கு ஊர் வேறுபடும். நாழிகை வழி என்று அவர்களாகச் சொன்னால் எழுதிக்கொள்ளலாம். அது 24 நிமிடம் நடக்கும் தூரம், சமதரையில் ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர். மலையில் அதில் பாதிகூட வராது. அடுத்து, “எந்த மாசத்துல தெரியும்?” என்று கேளுங்கள். மழை ஓய்ந்து தூசி அடங்கியபின் துலங்கும் மலை, சித்திரைக் கானலில் மறைந்துபோகும். கோடையில் ஏறிப் பார்த்துவிட்டு “பெரியவர் தப்பாகச் சொல்லிவிட்டார்” என்று எழுதுவது பெரிய அநியாயம்.

மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: “பாரம் தூக்கிட்டு எந்தப் பக்கமா ஏறுவீங்க?” கோணம் அளக்க லாம்டன் கொண்டுபோன பெரிய தியோடலைட் கருவி ஏறக்குறைய அரை டன். ஆட்டுத்தடம் வழியாக அது ஏறியிருக்காது. உச்சிக் கோயிலுக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்த குடும்பங்கள் காட்டுகிற வழிதான் பொருந்தும்.

காவிரிப் படுகையில் இந்தக் கேள்விகள் எடுபடாது. அங்கே மலை இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். அதனால் கோயில் கோபுரங்கள்மேல் ஏறினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து தியோடலைட் சுவரில் மோதியது. கோணம் அளக்கும் வட்டு வளைந்துபோயிற்று. அதை நேராக்க லாம்டனுக்கு ஆறு வாரம் பிடித்தது. படுகையில் கோயில் பணியாளர்களிடம் கோபுரத்தின் உட்படிகளைப் பற்றியும், எந்த நிலையிலிருந்து எந்த ஊர்க் கோபுரம் தெரியும் என்பதைப் பற்றியும் கேளுங்கள்.

இரண்டு இடத்தில் வழுக்கி விழ வாய்ப்பு உண்டு. ஒன்று, கல். ஜி.டி.எஸ். (கிரேட் டிரிகோணமெட்ரிகல் சர்வே, பெரும் முக்கோண அளவை) என்று பொறித்த கல்லை ஊரார் காட்டியதும் மனம் துள்ளும். அந்தப் பெயர் அளவைக்கு 1818-ல்தான் வந்தது. அப்படிப்பட்ட கற்களில் பல, பின்னால் உயரம் அளந்தபோது வைத்தவை. மற்றொன்று, ஆண்டு. “துந்துபி வருஷத்துல வெள்ளைக்காரன் கொடி நட்டான்” என்று ஒரு பாட்டி சொன்னால் 1802 என்று உடனே எழுதாதீர்கள். துந்துபி 1862-லும் வந்தது, 1922-லும் வந்தது. “தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?” என்று கேளுங்கள். அந்தப் பஞ்சம் 1876-ல் தொடங்கியது. முன்பு என்றால் 1922 கழிந்துவிடும், மீதி இரண்டையும் கல்லை வைத்துப் பிரிக்கலாம்.

ஊர்ப்பெயரில் பொறுமை வேண்டும். பழைய வரைபடங்களில் பெயர் எழுதியவை, சோழமண்டலத்தைக் கோரமண்டல் என்று எழுதிய ஐரோப்பியக் காதுகள். பழைய வரைபடத்தில் உள்ள பெயரை ழ, ள, ல மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு உரக்கப் படியுங்கள். ஊரார் தாங்களே திருத்திச் சொல்வார்கள். நீங்கள் எடுத்துக்கொடுத்தால் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள்.

அளவையாளர்கள் விட்டுச்சென்ற குறிப்புகளில், தொலைநோக்கியால் வீட்டுப் பெண்களைப் பார்க்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்ட செய்தி ஒரு தொல்லையாகவே பதிவாகியிருக்கிறது. மலைமேல் அந்நியன் ஒருவன் ஏறி நின்று, கொடி நட்டு, நாள்கணக்கில் தன் ஊரையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது? கொடியைப் பிடித்து நின்றவர்களும், சங்கிலியைத் தூக்கியவர்களும் நம்மவர்கள்தாம். அவர்கள் தரப்பு எங்காவது மிச்சமிருந்தால் அது வாய்மொழியில்தான் இருக்கும்.

அதனால், அனுமதி கேட்டுவிட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே தேதியையும் நிற்கிற இடத்தையும் சொல்லிவிடுங்கள். எழுத்தாக்கும்போது வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள். “மேக்கால” என்று சொன்னதை “மேற்கே” என்று மாற்றினால் பேசியவரின் குரல் போய்விடும். பதிவின் ஒரு படியை, பேசியவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.