மழை ஊரில் ஒரு பேஸ்பால் அணி

எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. நம்மூர்ப் பருத்தித் துணி ஒரு காலத்தில் உலகமெல்லாம் போனதே, அந்தத் துணியின் பெயரால்தான் ஊருக்கு அப்படிப் பெயர் வந்தது என்று அங்கே சொல்வார்கள். அந்த மெட்ராஸில் பள்ளிப் படிப்பை முடித்த ஜக்கோபி எல்ஸ்பரி, 2003 முதல் 2005 வரை ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக பேஸ்பால் ஆடினார். 2005-ல் தொழில்முறை அணிகள் ஆட்களைப் பொறுக்கி எடுத்தபோது, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. நம் ஊர்ப் பெயரைப் பார்த்த ஆசையில்தான் நான் அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அவரைவிட அவர் ஆடிய அணியின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

ஆரிகன் ஸ்டேட் இருக்கும் ஊரின் பெயர் கோர்வாலிஸ். குளிர்காலம் முழுக்க மழை தூறிக்கொண்டே இருக்கும் ஊர். கல்லூரி பேஸ்பால் பருவமோ பிப்ரவரி நடுவில் தொடங்கிவிடுகிறது. ஜூன் மாதம் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமஹா நகரில் எட்டு அணிகள் மோதும் காலேஜ் வேர்ல்ட் சீரிஸோடு முடிகிறது. 1950-லிருந்து அந்தத் தொடர் ஒமஹாவில்தான் நடக்கிறது. அதனால் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் "கோப்பை" என்று சொல்வதில்லை, "ஒமஹா" என்றே சொல்வார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஜனவரியில் கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் ஃப்ளோரிடாவிலும் வெயில் அடிக்கிறது. பையன்கள் வருடம் முழுக்கத் திறந்த மைதானத்தில் ஆடுகிறார்கள். வடக்கே இருப்பவன் கூரைக்குக் கீழே வலை கட்டிக்கொண்டு அதற்குள் பந்தை அடிக்கிறான். பருவம் தொடங்கியதும் முதல் சில வாரங்கள் அவன்தான் தெற்கே பயணம் போக வேண்டும். எதிரியின் மைதானம், எதிரியின் கூட்டம், வகுப்புகளும் தவறும். 1966-ல் வடக்கே இருக்கும் ஒஹாயோ ஸ்டேட் ஒமஹாவில் சாம்பியன் பட்டம் வாங்கியது. அதற்கு அடுத்து வடக்கு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று பட்டம் வாங்க நாற்பது வருடம் ஆயிற்று. 2006-ல் வாங்கியது ஆரிகன் ஸ்டேட். 2007-லும் அதே அணி. 2018-ல் மூன்றாவது முறை.

மூன்று முறையும் பயிற்சியாளர் ஒருவரே: பேட் கேசி. அதே ஆரிகனில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற சின்னக் கல்லூரியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், 1995-ல் ஆரிகன் ஸ்டேட்டுக்கு வந்தார். அவர் வந்து நாலு வருடத்தில் ஒரு பெரிய இடி விழுந்தது. அதுவரை அவர்களுடைய பேக்-10 கூட்டமைப்பில், அதாவது மேற்குக் கரைப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் குழுவில், பேஸ்பாலுக்கு வடக்குப் பிரிவு, தெற்குப் பிரிவு என்று தனித்தனியாக இருந்தது. 1999-ல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். தெற்கே யார் இருந்தார்கள் தெரியுமா? பன்னிரண்டு தேசியப் பட்டம் வாங்கிய சதர்ன் கலிஃபோர்னியா. அப்புறம் ஸ்டான்ஃபர்ட், அரிசோனா ஸ்டேட். மழை ஊர்க்காரர்கள் இனி இவர்களோடு வருடா வருடம் மோத வேண்டும். எழுந்திருக்கவே மாட்டார்கள் என்று பலரும் நினைத்தார்கள். கேசி ஒமஹாவுக்கு முதல் முறை தன் அணியைக் கூட்டிக்கொண்டு போனது 2005-ல். அந்தப் பல்கலைக்கழகம் அதற்கு முன் ஒமஹாவைப் பார்த்தது 1952-ல்!

1995-லிருந்து 2005 வரை, பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் கேசியை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் இன்று சொல்ல வந்த விஷயத்தின் மையம் இதுதான். கல்லூரி அணியில் ஆடுகிறவன் யாரும் நிலைக்க மாட்டான், மூன்று நாலு வருடத்தில் போய்விடுவான். நிலைக்கக் கூடியது பயிற்சியாளரும், அவர்மேல் நிர்வாகம் வைக்கும் பொறுமையும்தான். மற்ற எல்லாச் சிக்கலும் அந்தப் பொறுமையைத் தின்னத்தான் வருகின்றன.

முதல் சிக்கல் பணம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றாலே எல்லோருக்கும் முழு ஸ்காலர்ஷிப் என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அது உண்மைதான், மேல்மட்டத்தில் 85 முழு ஸ்காலர்ஷிப்புகள் இருந்தன. பேஸ்பாலுக்கு எவ்வளவு தெரியுமா? 11.7. ஆமாம், பதினொன்று புள்ளி ஏழு. முன்பு 13 இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செலவைக் குறைக்கிறோம் என்று பத்து சதவீதம் வெட்டினார்கள். பதின்மூன்றில் பத்து சதவீதம் போனால் 11.7. அந்தப் பின்னம் முப்பது வருடத்துக்கும் மேலாக அப்படியே கிடந்தது.

அந்த 11.7-ஐ 27 பேருக்கு வரை பங்கு போடலாம், ஒவ்வொருவனுக்கும் கால் பங்காவது கொடுத்தாக வேண்டும். இது நீண்ட காலம் இருந்த விதி. பந்து வீச மட்டுமே பத்துப் பதினைந்து பேர் வேண்டிய ஆட்டம் இது. ஆக, சராசரியாக ஒருவனுக்குப் பாதி ஸ்காலர்ஷிப்கூடக் கிடைக்காது. மிச்சத்தை அப்பா அம்மா கட்ட வேண்டும், இல்லை கடன் வாங்க வேண்டும். பயிற்சியாளர் ஒரு வீட்டுக்குப் போய், "உங்கள் மகன் அருமையாக வீசுகிறான், 35 சதவீதம் தருகிறோம்" என்று சொல்ல வேண்டிய நிலை. ஏழை வீட்டுப் பிள்ளைகள் இந்த ஆட்டத்திலிருந்து விலகிப் போனதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதமான அநியாயம். ஜார்ஜியாவில் 1993-லிருந்து லாட்டரிப் பணத்தில் ஹோப் என்ற உதவித்தொகை உண்டு. நன்றாகப் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைக்கு மாநிலமே படிப்புச் செலவைத் தருகிறது. லூசியானாவிலும் அதுபோல ஒன்று இருக்கிறது. அங்கே பயிற்சியாளர் தன் 11.7-ஐத் தொடாமலே உள்ளூர்ப் பையனைச் சேர்த்துவிடலாம். கட்டணம் எக்கச்சக்கமாக இருக்கும் தனியார் பல்கலைக்கழகத்திலோ பாதி ஸ்காலர்ஷிப் கொடுத்தாலும் மீதி மலைபோல நிற்கும். கேசிக்கு அப்படி எந்த மாநில வசதியும் கைகொடுக்கவில்லை. அவர் செய்தது, தன் மழை ஊர்ப் பையன்களையே நம்பியது. தெற்கே யாரும் திரும்பிப் பார்க்காத ஆரிகன், வாஷிங்டன் மாநிலப் பையன்கள். மெட்ராஸ் ஊர் எல்ஸ்பரி அப்படி வந்தவர்தான்.

அடுத்தது டிராஃப்ட், அதாவது தொழில்முறை அணிகள் வருடா வருடம் இளம் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் நாள். பள்ளி முடித்தவுடனே ஒரு பையனை அவர்கள் எடுக்கலாம். அப்போது போகாமல் நாலு வருடப் படிப்புள்ள கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்றாவது வருடம் முடியும்வரை அல்லது 21 வயது வரும்வரை அவனைத் தொட முடியாது. ஆகவே நல்ல பையன் ஒருவனிடம் இரண்டு வருடமாகப் பேசி, அவனும் வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டு, வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்ட பிறகு, கோடையில் ஒரு தொழில்முறை அணி லட்சக்கணக்கான டாலரை மேசைமேல் வைக்கும். பயிற்சியாளர் அவனுக்கு ஒதுக்கிய பணமும் இடமும் காலியாகும். அப்போது ஜூலை மாதம், மாற்று ஆளுக்கு எங்கே போவது? தப்பித்து வந்தவனும் மூன்று வருடத்தில் போய்விடுவான். சிறந்தவர்களை அழைப்பதா, நிச்சயம் வருகிறவர்களை அழைப்பதா என்பதைத்தான் இந்தப் பயிற்சியாளர்கள் ராத்திரியெல்லாம் யோசிக்கிறார்கள்.

ஆரிகன் ஸ்டேட்டில் இதற்கு அழகான ஓர் உதாரணம் உண்டு. ஷெர்வுட் என்ற ஆரிகன் ஊர்ப் பையன் ஆட்லி ரட்ச்மன். 2016 டிராஃப்டில் சியாட்டில் அணி அவரை நாற்பதாவது சுற்றில் எடுத்தது. அப்போது மொத்தமே நாற்பது சுற்றுகள்தான். அவர் போகவில்லை, கோர்வாலிஸுக்கு வந்தார். மூன்று வருடம் கழித்து, 2019-ல், நாடு முழுவதிலும் முதல் ஆளாக பால்டிமோர் அணி அவரை எடுத்தது. நாற்பதாவது சுற்றிலிருந்து முதல் இடத்துக்கு! அந்த மூன்று வருடத்தில் ஒரு கல்லூரி ஒரு பையனுக்குச் செய்து தந்ததைக் காட்ட இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் கல்லூரி ஒரு பையனிடமிருந்து எடுத்துக்கொள்வதும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நேர்மையாக இருக்காது.

2018 இறுதிப் போட்டி. எதிரணி ஆர்கன்சா. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும், முதல் ஆட்டம் ஆர்கன்சாவுக்கு. இரண்டாவது ஆட்டத்திலும் கடைசி இன்னிங்ஸில் ஆர்கன்சா 3-2 என்று முன்னிலை. இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் போனால் பட்டம் அவர்களுக்கு. ஆரிகன் ஸ்டேட்டின் கேடின் கிரெனியர் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே உயரமாக எழும்பியது. பிடித்தால் எல்லாம் முடிந்தது. மூன்று ஆட்டக்காரர்கள் ஓடி வந்தார்கள், மூவருக்கும் நடுவில் பந்து தரையில் விழுந்தது. பிழைத்த கிரெனியர் அடுத்து அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அவருக்குப் பின் வந்த டிரெவர் லார்னக் ஹோம் ரன், நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, அடிக்க, 5-3.

மறுநாள் மூன்றாவது ஆட்டம். பந்து வீச வந்தவர் கெவின் ஏபல், முதலாம் ஆண்டு மாணவர். முந்தின நாளும் வீசியிருந்தார். அன்றைக்கு 129 பந்துகள் வீசி, ஆட்டம் முழுவதையும் தானே முடித்து, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 5-0. ஒரே காலேஜ் வேர்ல்ட் சீரிஸில் நாலு வெற்றி பெற்ற முதல் பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், என்ற சாதனையும் அவருக்கு வந்தது. அடுத்த வருடமே அவர் முழங்கைத் தசைநார் போய்விட்டது. டாமி ஜான் அறுவை சிகிச்சை என்பார்கள்: உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து முழங்கையில் வைத்துத் தைப்பது. குணமாக ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அந்த இரண்டு நாள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முந்தின நாளும் வீசிய ஒரு முதலாம் ஆண்டுப் பையன் 129 பந்து வீசுவதைப் பார்த்துக் கைதட்டிய நமக்கு, அவன் கையைப் பற்றிக் கேட்கும் கடமையும் இருக்கிறது. வாராவாரம் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ஆட்டம், நடுவில் செவ்வாயன்று இன்னொன்று. மொத்தம் 56 ஆட்டம் வரை. எந்தப் பயிற்சியாளருக்கும் பட்டம் ஒரு பக்கம் இழுக்கும், அந்தப் பையனின் கை மறுபக்கம். அதில் அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் அவர் அணியை மட்டும் கட்டுகிறாரா, ஆட்களையும் வளர்க்கிறாரா என்பது தெரியும்.

நிர்வாகத்தின் பொறுமை என்றேன். அது தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1947-ல் நடந்த முதல் தேசியப் போட்டியில் பட்டம் வாங்கிய அணி அது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான மூத்த ஜார்ஜ் புஷ் ஆடிய யேல் அணியைத்தான் வென்றார்கள். அப்படிப்பட்ட அணியை, பணமில்லை என்று, 2010 செப்டம்பரில் மூடப் போவதாக அறிவித்தார்கள். பழைய மாணவர்கள் வீடு வீடாகப் பேசி ஒரு கோடி டாலரை நெருங்கிச் சேர்த்தார்கள். 2011 ஏப்ரலில் அணி பிழைத்தது. அந்தப் பருவம் முழுக்க, இதுதான் நம் கடைசி வருடமோ என்ற பயத்தோடு ஆடிய பையன்கள், அதே ஜூனில் ஒமஹாவுக்கே போனார்கள்.

இப்போது விதிகள் எல்லாம் மாறிவிட்டன. 2021-லிருந்து ஒரு பையன் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஒரு வருடம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, உடனே ஆடலாம். அதே வருடம் ஜூலையிலிருந்து தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் ஒப்பந்தத்தால் அந்தப் பழைய 11.7 ஒழிந்தது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகம் 34 பேரை வைத்துக்கொள்ளலாம், விரும்பினால் 34 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். பையன்களுக்குக் கிடைத்த உரிமையை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அவர்கள் உழைப்பில் மற்றவர்கள் வெகுகாலம் வாழ்ந்தார்கள். ஆனால் "கொடுக்கலாம்" என்ற சொல் பணமுள்ளவனுக்குத்தான் பயன்படும். பணமில்லாத ஊரில் மூன்று வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த பையனை, பணமுள்ளவன் ஒரு கோடையில் கூட்டிக்கொண்டு போகலாம். 2023-ல் பட்டம் வாங்கிய லூசியானா ஸ்டேட்டின் பெரிய பிட்ச்சர் பால் ஸ்கீன்ஸ், அதற்கு முந்தின இரண்டு வருடமும் விமானப்படை அகாடமியில் ஆடியவர். அவர் மாறியது அவர் உரிமை, அதில் தப்பே இல்லை. கேசிக்குக் கிடைத்த பத்து வருடம் மட்டும் இனி ஒருவருக்குக் கிடைக்குமா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

கோர்வாலிஸுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. கால்பந்துத் தொலைக்காட்சிப் பணத்தைத் தேடி பேக்-12 கூட்டமைப்பிலிருந்து (பழைய பேக்-10தான் அது) பத்துப் பல்கலைக்கழகங்கள் 2024-ல் வெளியேறின. மிச்சம் நின்றவை ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். மூன்று பட்டம் வாங்கிய பேஸ்பால் அணிக்கு 2025-ல் ஆட ஒரு கூட்டமைப்பே இல்லை. யார் வருவார்களோ, யார் கூப்பிடுவார்களோ, அவர்களோடு ஆட்டம். பருவத்தின் பெரும்பகுதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள்.

அந்த அலைச்சலில் அணியை நடத்தியவர் மிட்ச் கேனம். 2006-லும் 2007-லும் பட்டம் வாங்கிய அணிகளின் கேட்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி, அவர்தான். 2018 பட்டத்தோடு கேசி ஓய்வு பெற்றபின், 2019-ல் அந்தப் பொறுப்புக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். தனியாக நின்ற அந்த அணி 2025 மே மாதக் கடைசியில் தன் சொந்த மைதானத்தில் தேசியப் போட்டியின் முதல் சுற்றை ஆடத் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே தோற்று, அதற்குப் பின் ஒன்றுகூடத் தோற்கக் கூடாது என்ற நிலையில் ஒவ்வொன்றாக ஜெயித்து, அடுத்த சுற்றையும் தாண்டி, ஒமஹாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

நன்றி, வணக்கம்.