போதகரிடம் கணக்குக் கேட்பது பாவமா?

அன்பானவர்களே, ஏற்காட்டில் இருந்து ஒரு சகோதரி இப்படிக் கேட்டிருக்கிறார். "எங்கள் சபையில் இரண்டு வருடமாகக் கட்டடக் காணிக்கை வாங்குகிறார்கள். வேலை அஸ்திவாரத்தோடு நிற்கிறது. என் வீட்டுக்காரர் கணக்குக் கேட்டதற்கு, 'அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்று வேதத்தில் இருக்கிறது, ஜாக்கிரதை' என்று போதகர் சொல்லிவிட்டார். அன்று முதல் பயமாக இருக்கிறது. நாங்கள் பாவம் செய்துவிட்டோமா பிரதர்?"

இல்லை அம்மா. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

அவர் சொன்னது 105-ஆம் சங்கீதம், 15-ஆம் வசனம். அதை மட்டும் வாசிக்காமல், ஒரு வசனம் முன்னால் இருந்து வாசியுங்கள். "அவர்கள் நிமித்தம் ராஜாக்களைக் கடிந்துகொண்டு" என்று இருக்கும். யார் நிமித்தம்? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. கொஞ்சப் பேராக, பரதேசிகளாகத் திரிந்தவர்கள். அவர்களை எந்த ராஜாவும் ஒடுக்கிவிடக் கூடாது என்று கர்த்தர் காத்தார். அதிகாரம் உள்ளவன் கையில் இருந்து எளியவனைக் காப்பாற்றின வசனத்தைக் கொண்டே எளியவன் வாயை அடைக்கிறார்களே, அதுதான் எனக்கு வேதனை.

அப்புறம், ஆதியாகமம் 20-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சாராளைத் தன் சகோதரி என்று ஆபிரகாம் சொல்லிவிட்டதால், கேராரின் ராஜா அபிமெலேக்கு அவளை அழைப்பித்துவிடுகிறான். கர்த்தர் சொப்பனத்தில் அவனை எச்சரிக்கிறார். ஆபிரகாமைக் குறித்து, "அவன் ஒரு தீர்க்கதரிசி" என்றும் சொல்கிறார். காலையில் அந்த ராஜா ஆபிரகாமைக் கூப்பிட்டு, "நீ எங்களுக்கு என்ன காரியம் செய்தாய்?" என்று நேராகவே கேட்கிறான். ஆபிரகாமும் பதில் சொல்கிறார். கேட்டதற்காகக் கர்த்தர் அவனைத் தண்டிக்கவே இல்லை. ஆபிரகாம் ஜெபித்தபோது அவன் வீட்டாரைக் குணமாக்கினார். தொடக் கூடாது என்றால் தீங்கு செய்யக் கூடாது என்று அர்த்தம். கேட்கக் கூடாது என்று அர்த்தமே இல்லை.

நான் இப்போது சேலத்தில் இருந்தாலும் பிறந்தது உங்கள் மலையில்தான். என் அம்மா நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். மார்கழிக் குளிரில் சாயங்காலம் எல்லாரும் சாக்கை வைத்துக்கொண்டு எடை போட வரிசையில் நிற்பார்கள். எடை பார்க்கிற மேஸ்திரி ஒருவர், சாக்கைத் தராசில் மாட்டினதும் முள் இருக்கிற பக்கத்தை எங்கள் அம்மா பக்கம் திருப்பிவிடுவார். "பார்த்துக்கோ தாயி" என்பார். அதற்கப்புறம்தான் நோட்டில் எழுதுவார். அவருக்கு முன்னால் இருந்தவர் முள்ளைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு வாயால் கணக்குச் சொன்னவர். அம்மாவுக்குப் படிப்பு இல்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சாமுவேல் செய்தது இதைத்தான். 1 சாமுவேல் 12. தலை நரைத்துப்போன காலத்தில், ஜனங்கள் எல்லாருக்கும் முன்னால் நின்று, "நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்?" என்று கேட்டார். எடுத்திருந்தால் திரும்பக் கொடுப்பேன் என்றும் சொன்னார். ஒருவரும் கேட்காமலே தராசைத் திருப்பிக் காட்டினவர் அவர். பவுலும் அப்படித்தான். தர்மப்பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல் சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரரைக் கூடவே சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் எழுதிவைத்தார்.

சரி, இனி நீங்கள் என்ன செய்யலாம்? கேட்கிற விதம் முக்கியம். முதிர்வயதுள்ளவரைத் தகப்பனைப்போல நினைத்துப் பேசு என்று 1 தீமோத்தேயு 5-இல் பவுல் சொல்கிறார். அதே அதிகாரத்தில், இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் மூப்பர்மேல் குற்றச்சாட்டை ஏற்காதே என்றும் சொல்கிறார். ஆகையால் அவர் பணத்தை எடுத்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாது. அஸ்திவாரம் நிற்பதற்குச் சிமெண்ட் விலையோ, அனுமதி கிடைக்காததோ கூடக் காரணமாக இருக்கலாம். ஆராதனை முடிந்து வாசலில் வைத்தும் கேட்க வேண்டாம். சபையில் மூத்தவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். "ஐயா, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று மாதம் ஒருமுறை சபையில் வாசித்தால் நாங்களும் சந்தோஷமாகக் கொடுப்போம்" என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். அன்றைக்குத் தனியாகக் கேட்டுத் தலைகுனிந்து வந்தவர் அவர்தானே.

அடுத்த கேள்வி ஆத்தூரில் இருந்து.