‘எங்கே படித்தீர்கள்?’ என்று கேட்டால்

எல்லோருக்கும் வணக்கம். கீழே கடைத்தெரு, அதனால் வண்டிச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இந்த மேசையில் உட்கார்ந்து நீர்வண்ணம் வரைகிறேன். ஆறு வருடமாக. யாரிடமும் போய்ப் படித்ததில்லை.

போன வருடம் ஒரு சின்னக் கண்காட்சியில் என் படங்கள் எட்டை மாட்டினேன். ஒரு பெரியவர் வந்தார். காவிரிப் படித்துறைப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி, “எங்கேம்மா படிச்சே?” என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். நான் சட்டென்று, “இல்ல சார், சும்மா வரைவேன்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அந்தச் ‘சும்மா’ என்னை விடவே இல்லை. ஆறு வருட ராத்திரிகளை நானே அந்த ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் தூரிகையைத் தொடவில்லை. எங்கள் ஊரிலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. பெரிய வரைபலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களுக்கு ஏதோ தெரியும், எனக்கு அது தெரியாது என்று தோன்றும். அந்த ‘ஏதோ’ என்னவென்று தெரியாததுதான் பயமே.

சரி, அதிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று காட்டுகிறேன். இந்தப் படத்தைக் கேமரா பக்கம் கொண்டு வருகிறேன். பித்தளைக் குடம். நான்கு வருடம் முன்னால் வரைந்தது. நிறம் நன்றாக வந்திருக்கிறது, பளபளப்புகூட இருக்கிறது. ஆனால் குடம் மேசைமேல் உட்காரவில்லை, ஒட்டவைத்த மாதிரி நிற்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம், “நமக்குக் கை வராது” என்று மூடிவைத்துவிடுவேன்.

ஒருநாள் கடையில் கூட்டமில்லாத மதியம். எதிரே தரையில் குடங்கள் வரிசையாக இருந்தன. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து பார்த்தேன். வாய் வட்டம் நமக்கு நீள்வட்டமாகத் தெரியும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடிப்பாகம்? நான் எப்போதும் ஒரு நேர்கோடு போட்டு முடித்துவிடுவேன். குடம் தட்டையான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று மனசுக்குத் தெரியும் இல்லையா, கை அதைத்தான் வரைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது வேறு. அடி வளைந்திருக்கிறது. வாயின் வளைவைவிட அதிகமாகவே வளைந்திருக்கிறது, ஏனென்றால் அது நம் கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருக்கிறது.

வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துப் பாருங்கள். விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் வெறும் கோடு. கொஞ்சம் இறக்கினால் அந்தக் கோடு மெல்லத் திறக்கும். இறக்க இறக்க அகலமாகும். நான்கு வருடம் என்னை ‘கை வராதவள்’ என்று நினைக்கவைத்தது இவ்வளவுதான்.

அன்று பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே ஆறு குடம் வரைந்தேன். ஆறாவது உட்கார்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். “எனக்கு வராது” என்று மனசு சொன்னால், எது வராது என்று உடனே கேட்பேன். அடி வளைவா, நிழலின் ஓரமா, தோள்பட்டையின் உயரமா? பதிலைத் தாளின் பின்னால் தேதி போட்டு எழுதிவிடுவேன். “நான் ஓவியரே இல்லை” என்பதற்கு நான் எதுவும் செய்ய முடியாது. “அடி வளைவு தப்பு” என்பதை இன்று ராத்திரியே உட்கார்ந்து சரிசெய்ய முடியும்.

சில நேரம் தப்பு கையில்கூட இருக்காது. பல மாதம் வானம் வரைந்தாலே திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் மெல்லிய வரைதாளில் தண்ணீர் வண்ணம் போட்டுக்கொண்டிருந்தேன். நூறு சதவீதப் பருத்தித் தாள், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு, கூடக்கூடத் தாள் கனமாக இருக்கும்), ஒரே ஒரு தாள் வாங்கி நான்காக வெட்டிப் போட்டுப் பார்த்தேன். ஈரம் நின்றது, நிறம் ஒன்றோடொன்று கலந்தது. விலை அதிகம்தான். ஆனால் படிக்கிற இடத்தில் இதை யாராவது முதல் வாரமே சொல்லியிருப்பார்கள்.

கல்லூரி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். வாய்ப்பு இருந்தால் கண்டிப்பாகப் போங்கள். எதிரே ஆளை உட்காரவைத்து வரைவது, பின்னால் ஒருவர் வந்து நின்று “அந்தக் கழுத்தைப் பார்” என்பது, இதெல்லாம் பெரிய கொடுப்பினை. எனக்குப் பின்னால் ஆளில்லை, அதனால் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்க்கிறேன். இடவலம் மாறித் தெரியும்போது, படத்தில் கோணல் இருந்தால் அது முகத்தில் அடித்த மாதிரி தெரிந்துவிடும்.

ரவிவர்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்தபோது ரவிவர்மாவுக்கு இருபது வயது. ஜென்சன் சொல்லிக்கொடுக்கவில்லை. தான் வரைவதை நின்று பார்க்க மட்டும் விட்டார். ஐந்தே வருடத்தில், 1873இல், வியன்னா கண்காட்சியில் ரவிவர்மாவின் படம் பரிசு வாங்கியது. அப்படியென்றால் அந்தப் பார்வை எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்! இதைப் படித்தபிறகு நான் வீடியோ பார்க்கிற விதத்தையே மாற்றிக்கொண்டேன். ஒரு தடவை தூரிகையில் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன். மறுதடவை எங்கே நிறுத்துகிறார்கள் என்று மட்டும்.

அப்புறம் வான்கோ. ஓவியர் ஆவது என்று அவர் முடிவெடுத்தது 1880இல், இருபத்தேழு வயதில். சார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர் தயாரித்த வரைபயிற்சித் தாள்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக, திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். பின்னால் ஆண்ட்வெர்ப் கலைக்கூடத்தில் சேர்ந்தும் சில வாரங்களில் வெளியே வந்துவிட்டார். அந்தப் பயிற்சித் தாள்கள்தான் எனக்குப் பெரிய ஆறுதல். பாடத்திட்டம் இல்லாதவர் தனக்கென்று ஒன்றைத் தேடி எடுத்து, பொறுமையாக முடித்திருக்கிறார்.

போன வாரம் கடைக்கு வந்த ஒரு அம்மா, கல்லாவுக்குப் பக்கத்தில் நான் ஒட்டிவைத்திருந்த குடத்தின் படத்தைப் பார்த்தார். “யார் வரைஞ்சது?” “நான்தாம்மா.” “எங்கே கத்துக்கிட்டே?” நெஞ்சு அடித்துக்கொண்டது, மறைக்கவில்லை. “இங்கேதாம்மா, இந்தக் குடங்களைப் பார்த்து” என்றேன். அவர் திரும்பி வரிசையாக இருந்த குடங்களைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். அப்புறம், “எங்க வீட்டு விளக்கு ஒண்ணு வரைஞ்சு தருவியா?” என்று கேட்டார்.

அந்த விளக்குதான் இது. நாச்சியார்கோவில் விளக்கு, அவர் மாமியார் காலத்தது. தட்டு, தண்டு, பாதம், ஒவ்வொரு மட்டத்திலும் வளைவு மாறும். பாதம் இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை, இங்கே இடது பக்கம் இறங்கியிருக்கிறது பாருங்கள். அதை அழித்துவிட்டு மறுபடி போடுகிறேன். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்கிறேன்.